கசூரினாவா, கீரிமலையா, ஹோட்டல் தடாகமா? நீச்சல் சரியாக வராத பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருகிறவர்களுக்கு

யூலை பிறந்தால் எங்கள் வீட்டுக்கு இரண்டு கேள்விகள் தொலைபேசியில் வரும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இன்னும் கிடைக்குதா என்பது ஒன்று. "மச்சாள், பிள்ளையளை எந்தக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்? அவைக்கு நீச்சல் அவ்வளவு வராது" என்பது மற்றது. முதல் கேள்விக்கு மரத்தை அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்கு நானும் பல வருடம் யோசிக்காமல் "கசூரினாவுக்குப் போங்கோ, அங்கை முழங்கால் தண்ணிதான்" என்றே சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. கசூரினா கூடாத இடம் என்பதால் அல்ல. முழங்கால் தண்ணீர் என்று நான் சொல்வதைக் கேட்டதும் தாய் தகப்பன் பாயை விரித்துச் சாய்ந்துவிடுகிறார்கள்.

முதலில் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். "ரொறன்ரோவிலை கிளாசுக்குப் போறான், பூலிலை நல்லா நீந்துவான்" என்பார்கள். பூலில் நீந்துகிற பிள்ளைக்கு எட்டிப் பிடிக்க ஒரு சுவர் எப்போதும் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், கண்ணுக்கு மூடி போட்டிருப்பான், அடி எங்கே என்று தெரியும். கடலில் இதில் ஒன்றும் கிடையாது. வாய்க்குள் ஒரு சிற்றலை உப்புத் தண்ணீரை அடித்தால் போதும், படித்த நீச்சல் பாதி மறந்துபோகும். கால் எட்டாத தண்ணீருக்குள் இறங்கி, தலை அமிழ்ந்து, தானாக மேலே வந்து, ஒரு நிமிடம் மிதந்து, திரும்பி, இருபத்தைந்து மீற்றர் அளவு நீந்தி, ஒருவரும் தூக்கிவிடாமல் வெளியே ஏற வேண்டும். இவ்வளவையும் மூச்சு வாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற பிள்ளைக்குத்தான் நீச்சல் தெரியும் என்பேன். இதில் ஒன்று குறைந்தாலும், எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும், இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்காகத்தான்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

காரைநகர்க் கசூரினாவில் கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். நல்ல தூரம் நடந்துபோனாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர்தான். அடியில் மணல், கரையில் சவுக்கு நிழல், வங்காளவிரிகுடாப் பக்கம்போல அலை எழும்பி அடிக்காது. குழந்தையை இறக்குவதற்குக் குடாநாட்டில் இதைவிட லேசான கடல் இல்லை என்றே சொல்வேன். ஆனால் இங்கே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஓகஸ்ட் மாதம். பதினான்கு பேர், ஒரு வான் நிறைய. இடியப்பப் பெட்டி, ஆட்டிறைச்சிக் கறிச்சட்டி, தர்ப்பூசணி எல்லாம் இறங்கின. தம்பியின் மகளுக்கு அப்போது ஆறு வயது. இளஞ்சிவப்பு நிறத்தில், கொக்குக் கழுத்து நீட்டிய காற்றடித்த ரியூப் ஒன்று கனடாவில் இருந்தே கொண்டுவந்திருந்தாள். அதற்குள் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் என் தம்பிக்குத் தொடையளவு. பதினான்கு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதாவது, மற்றவர் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தற்செயலாக நான் நிமிர்ந்தபோது கொக்கு சின்னதாகத் தெரிந்தது.

தம்பி இறங்கி ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? கனவில் ஓடுவதுபோல இருக்கும். அவன் ஓரடி வைக்க ரியூப் ஈரடி போனது. தண்ணீர் அவளை இழுக்கவில்லை, காற்றுத்தான் தள்ளியது. அந்தக் கொக்குக் கழுத்து பாய்மரம்போல நின்று காற்றை வாங்கியது. வலை பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒருவர் வள்ளத்தைத் திருப்பி அவளைப் பிடித்துக் கொடுத்தார். பிள்ளை அழக்கூட இல்லை, ஊர்வலம் போன சந்தோஷம் அவளுக்கு. தம்பிதான் மணலில் குந்தி இருந்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர்க் காற்றுக் கணக்கை யோசித்தேன். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் அடிக்கிறது சோளகம். தெற்கும் தென்மேற்குமாக வரும் காற்று. எங்கள் வடகரைக் கடற்கரைகளில் அது தரையில் இருந்து கடலுக்குப் போகிற காற்று. அதனால்தான் அந்த மாதங்களில் காரைநகரில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடக்கிறது. வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் அதே மாதங்கள். கடல் அமைதியாகத் தெரிவதற்குக் காரணமான அதே காற்றுத்தான் மிதக்கிற எதையும் நடுக்கடலுக்கு அனுப்புகிறது. கார்த்திகை மார்கழியில் வாடை அடிக்கும்போது கடல் குமுறிக்கொண்டு கரைக்கு வரும். அதைப் பார்த்தாலே பிள்ளை இறங்காது, பெற்றவர்களும் விடமாட்டார்கள். கொழும்பில் இருந்து மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, கடலைப் பாருங்கள், இறங்காதீர்கள். மாசி, பங்குனியில் வரமுடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வேலணைச் சாட்டியும் லேசான கடல்தான். தீவகப் பக்கம் நயினாதீவு போகிற வழியில் இருப்பதால் பலர் அங்கே இறங்குவார்கள். ஓகஸ்டில் நாங்கள் போனபோது காற்று முகத்தில் அடித்துக்கொண்டு கரைக்கு வந்தது. தண்ணீர் கொஞ்சம் கலங்கல், சின்னச் சின்ன அலை. படம் எடுக்கக் கசூரினா அளவுக்கு வாய்ப்பாக இருக்காது. ஆனால் கையில் இருந்து நழுவின பந்து தானாகக் காலடிக்கு வந்தது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எந்தக் கரைக்குப் போனாலும் இறங்குமுன் ஒரு பிடி உலர்ந்த மணலை அள்ளி மேலே விட்டுப் பாருங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் ரியூப், பந்து, மெத்தை எல்லாம் வானுக்குள்ளேயே இருக்கட்டும்.

மணற்காடு, அதற்கு அப்பால் வடமராட்சி கிழக்கு முழுவதும் வேறு சாதிக் கடல். திறந்த வங்கக்கடல். நாலு எட்டு வைப்பதற்குள் கால் எட்டாமல் போகும், அலை உடைந்து திரும்புகிறபோது காலுக்கடியில் மணலை வாரிக்கொண்டு போகும். அலை உடையாமல் ஓடை மாதிரி ஒரு துண்டு மட்டும் அமைதியாகத் தெரிந்தால், அந்த வழியாகத்தான் தண்ணீர் கடலுக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். பயந்த பிள்ளை அலை இல்லாத அந்த இடத்தைத்தான் தேடிப் போய் நிற்கும். மணல்மேடுகளைப் பாருங்கள், மணலில் புதைந்த அந்தோனியார் கோயிலைப் பாருங்கள், பின்னேரம் திரும்பி வாருங்கள். குளிப்பு வேண்டாம். தொண்டைமானாற்றிலும் சந்நிதியானைக் கும்பிட்டுவிட்டு ஆற்றில் இறங்குகிற வழக்கம் உண்டு. படியில் இருந்து கால் நனைப்பதோடு நிற்கட்டும். தடுப்பணைக் கதவுப் பக்கம் பிள்ளைகளை விடவே வேண்டாம்.

வடகரையில் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் முருகைக்கல். கால் கிழியும், பிள்ளை தடுமாறி விழும். செருப்போடு இறங்கினால் ஓரளவு சமாளிக்கலாம்.

அப்புறம் கீரிமலை. வெளியில் இருந்து வருகிறவர்கள் அநேகமாகச் சொல்வது, "கடல் வேண்டாம், கேணியிலை குளிப்பம், அது பாதுகாப்பு" என்று. கேணிக்குச் சுற்றிவரச் சுவர் இருக்கிறது, அலை இல்லை, நன்னீர், பக்கத்திலேயே கடல் இரைந்துகொண்டிருக்கும். அழகான இடம், மறுப்பில்லை. நீச்சல் வராத பிள்ளைக்கு அது கசூரினாவைவிடக் கூடிய ஆபத்து என்பது என் அபிப்பிராயம். கடலில் ஆழம் சாய்வாக வரும், கேணியில் படி முடிந்தால் அவ்வளவுதான். படியில் பாசி வழுக்கும். பெடியன்கள் சுவரில் ஏறிக் குதித்துக்கொண்டே இருப்பார்கள், ஒருவன் குதிக்கிற இடத்தில் இன்னொரு சின்னத் தலை நிற்கும். ஆடி அமாவாசைக்குப் போனால் தலைகளை எண்ணவே முடியாது.

இன்னொரு சங்கதி பலர் யோசிப்பதில்லை. அங்கே ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. குடும்பம் வாசலிலேயே இரண்டாகப் பிரியும். நாலு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்று வந்தால், உள்ளே போகும்போது ஒவ்வொரு பக்கமும் ஒருவர்தான். மகன் எந்தப் பக்கம் போனான் என்று தாய்க்குத் தெரியாது, தாயிடம் போய்விட்டான் என்று தகப்பன் நினைப்பார். கீரிமலைக்குப் போவதென்றால் மேல்படியில் பிள்ளையை மடியில் இருத்தி, வாளியால் அள்ளி வார்த்துவிடுங்கள். நகுலேஸ்வரரையும் கும்பிட்ட மாதிரி, குளித்த மாதிரி.

ஹோட்டல் தடாகத்தைக் கடலோடு ஒப்பிட்டால் எனக்கு இரண்டு மனம். ஆழம் எழுதியிருக்கும், அடி தெரியும், காற்று ஒன்றும் செய்யாது. மிதக்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஆபத்து குளிக்கிற நேரத்தில் இல்லை, குளித்து முடிந்த பிறகுதான். எல்லோரும் துடைத்துக்கொண்டு தேத்தண்ணீருக்குப் போவார்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றியாயிற்று. விளையாட்டுச் சாமான் ஒன்று தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், பிள்ளை அதை எடுக்கக் குனியும். அறை எடுக்கும்போதே கேளுங்கள்: தடாகத்துக்கு வேலியும் கதவும் உண்டா, காவலுக்கு ஆள் நிற்பாரா, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? அறைக் கதவைத் திறந்தால் தடாகம் என்று விளம்பரத்தில் அழகாகப் போட்டிருக்கும் அறையை மூன்று வயதுப் பிள்ளையோடு எடுக்கவே வேண்டாம். குளித்து முடிந்ததும் மிதக்கிற சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

இனி, உடம்பில் எதை மாட்டுவது? கடைகளில் தொங்குகிற எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. கையில் போடுகிற காற்றுப் பலூனும் இடுப்பு ரியூப்பும் விளையாட்டுச் சாமான்கள். காற்று இறங்கும், கழன்று வரும். கைப் பலூன் பிள்ளையை நிமிர்த்தி நிறுத்தியே வைத்திருக்கும். நீந்த வேண்டுமானால் உடம்பு படுக்க வேண்டும், நிமிர்ந்து நிற்பது மூழ்குகிறவரின் நிலை. வாரம் முழுக்க அதோடு மிதந்த பிள்ளை, தனக்கு நீச்சல் வந்துவிட்டது என்று நம்பி, ஒரு நாள் அது இல்லாமலே குதிக்கும். அந்த நம்பிக்கைக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

லைஃப் ஜாக்கெட்டிலும் எண் பார்க்க வேண்டும். உள்பக்க லேபிளில் 50, 100, 150 என்று போட்டிருக்கும், அது மிதப்புத் தரம். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்குக் கைகொடுக்கிற அளவு. நீந்தாத பிள்ளைக்கு 100, கழுத்துப் பட்டையோடு. முகத்தை மேலே திருப்பி வைப்பதற்கென்று செய்தது அது. வயது பார்த்து வாங்கக் கூடாது, கிலோ பார்த்து வாங்க வேண்டும். "வளருகிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுப்பம்" என்கிற எங்கள் தீபாவளிச் சட்டைக் கணக்கு இங்கே உயிரை வாங்கும். மாட்டிப் பூட்டிவிட்டுத் தோள்பட்டை இரண்டையும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுக்கு ஏறினால் அது பெரிது. கால்களுக்கிடையில் போகிற பட்டி தொந்தரவாக இருக்கிறது என்று பிள்ளை சொல்லும். வெட்டி எறிந்துவிடாதீர்கள், அதுதான் அது கழன்று போகாமல் பிடித்திருப்பது.

நல்ல ஜாக்கெட் ஒன்றை நீங்கள் வருகிற ஊரிலேயே வாங்கி வாருங்கள். இன்னொரு பயனும் உண்டு. குறிகட்டுவானில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும்போது தருகிற ஜாக்கெட் அநேகமாகப் பெரியவர் அளவு. நாலு வயதுப் பிள்ளைக்கு அதை மாட்டினால் சாக்குக்குள் போட்டதுபோல இருக்கும், தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழால் வழுகிப் போகும். சொந்த ஜாக்கெட் இரண்டு இடத்துக்கும் உதவும்.

உடுப்பிலும் கொஞ்சம் கவனம். எங்கள் பெண் பிள்ளைகளை முழுச் சுரிதாரோடு கடலில் இறக்குகிறோம். நனைந்த பருத்தித் துணி காலைச் சுற்றும், சால்வை கழுத்தைச் சுற்றும். அடக்கமாகத்தான் வேண்டும் என்றால் ஒட்டிய கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போதும். நீலமும் வெள்ளையும் வேண்டாம், கசூரினாத் தண்ணீருக்குள் அது கரைந்துவிடும். செம்மஞ்சள், கடும் இளஞ்சிவப்பு நிறங்கள் தூரத்திலேயே தெரியும்.

இடம், சாமான் எல்லாம் சேர்ந்தாலும் ஓர் ஆளுக்கு ஈடாகாது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு தொப்பி இருக்கிறது, பனையோலைத் தொப்பி. அதைப் போட்டிருப்பவர் இருபது நிமிடத்துக்குக் காவல். தண்ணீருக்குள், பிள்ளைக்குக் கை எட்டுகிற தூரத்தில் நிற்க வேண்டும். தொலைபேசி கிடையாது, கதை கிடையாது, படம் எடுக்கிறதும் கிடையாது. நேரம் முடிந்தால் தொப்பியை அடுத்தவர் தலையில் வைத்து, "இனி உங்கடை பொறுப்பு, மச்சான்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பியர் குடித்தவருக்குத் தொப்பி இல்லை. முதல் வருடம் எல்லோரும் சிரித்தார்கள். மூழ்குகிற பிள்ளை கத்தும், கையை ஆட்டும் என்று நம்பி இருந்தவர்கள் அவர்கள். உண்மையில் வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்தபிறகு கத்த மூச்சு இருக்காது. தலை பின்னால் சரியும், கண் வெறிக்கும், ஏணியில் ஏறுகிறதுபோலக் கை அசையும். இரண்டு மீற்றர் பக்கத்தில் நிற்கிறவருக்கே விளையாடுகிறதுபோலத் தெரியும்.

காவல் நிற்கிறவருக்கே நீச்சல் தெரியாதே என்பீர்கள். எங்களில் பலருக்குத் தெரியாதுதான். 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றுக்காரர். 1971இல் போகவும் வரவும் நீந்தின ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறைக்காரர், அவர் பெயரில் அங்கே ஒரு நீச்சல் தடாகமும் உண்டு. அப்படியிருந்தும் மற்றவர்களாகிய நாங்கள் கிணற்றடியில் வாளியால் வார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆகவே நீச்சல் தெரியாத காவலர் கழுத்தளவுக்குப் போகக் கூடாது, பிள்ளையும் அவருடைய இடுப்பளவைத் தாண்டக் கூடாது. தூரத்தில் ஒருவர் தத்தளித்தால் பின்னால் பாயாதீர்கள், ஒருவர் இருவராகிவிடும். ஐந்து லீற்றர் வெறும் தண்ணீர்க் கான் ஒன்றை மூடியை இறுக்கிக் கயிறு கட்டி வைத்திருங்கள், எறிந்து இழுக்கலாம். கயிறு இல்லையா, சேலை இருக்கிறது.

தூக்கி எடுத்த பிள்ளைக்கு மூச்சு இல்லை என்றால் தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமத்துவது, தோளில் போட்டு ஓடுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். மல்லாத்திக் கிடத்தி, நாடியை, அதாவது தாடையை, நிமிர்த்தி, முதலில் வாய்க்குள் ஐந்து ஊதல், பிறகு நெஞ்சை அமத்துவது. ஒருவர் அதைச் செய்ய மற்றவர் 1990க்கு எடுக்க வேண்டும், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. வருவதற்கு முன் உங்கள் ஊரில் ஒரு நாள் முதலுதவி வகுப்புக்குப் போய்விட்டு வந்தால் இன்னும் நல்லது.

இனி என்னுடைய தெரிவு. இரண்டு கிழமை நிற்கிறவர்கள் என்றால் முதல் நாலைந்து காலை தடாகத்தில் போகட்டும். நீச்சல் பழக்கிவிட முடியாது, ஆசைப்படவும் வேண்டாம். மல்லாந்து மிதக்கவும், விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிக்கவும் பழகினால் அதுவே பெரிது. பிறகு கசூரினா அல்லது சாட்டி. காற்று எழும்புமுன், காலை ஏழு மணிக்கு, 100 ஜாக்கெட்டோடு, தொப்பிக்காரர் தண்ணீருக்குள். பத்து மணிக்குக் கரையேறிவிட வேண்டும். மூன்றே நாள் நிற்கிறவர்களுக்குத் தடாகம் வேண்டாம், ஒரு காலை சாட்டி போதும். ஏழெட்டு வயதுக்கு மேல், மேலே சொன்ன சோதனையில் பாதி தேறுகிற பிள்ளைக்குக் கசூரினாவில் ஜாக்கெட்டோடு கொஞ்சம் தூரம் விடலாம், ஆனால் காவலர் எப்போதும் பிள்ளைக்குக் கடல் பக்கம் நிற்க வேண்டும், கரைப் பக்கம் அல்ல. பெரியவர் ஒருவரே, பிள்ளைகள் மூவர் என்றால் கடல் குளிப்பையே விட்டுவிட்டு மணல் வீடு கட்டுங்கள். கீரிமலை கும்பிடுவதற்கு, மணற்காடு பார்ப்பதற்கு.

இந்த முறை தம்பி குடும்பம் வந்து இறங்கியபோது பெட்டிக்குள் அந்தக் கொக்கு ரியூப் மறுபடியும் இருந்தது. இப்போது சின்னவனுக்கு வேண்டுமாம். அக்காக்காரி ஒன்றும் சொல்லாமல் அதற்குக் காற்றடித்து முற்றத்து மாமரத்தின் கீழ் போட்டாள். சின்னவன் அதற்குள் காலை நீட்டிக்கொண்டு, முழங்கைவரை சாறு வழியக் கறுத்தக்கொழும்பான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.